கல்கண்டுக்கு நம்பர் என்ன?

காலை ஐந்தே முக்காலுக்கு டெலிபோன் அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, ஊரில் துக்கம். இரண்டு, கோயமுத்தூர் மச்சினன். 2023 டிசம்பர் 13, புதன்கிழமை அடித்தது இரண்டாவது ரகம்.

"ஏனுங் மச்சான், ஒரே ஒரு கேள்விங்க. கல்கண்டு மிட்டாயிங்களா... சக்கரைங்களா?"

"கோயில் பிரசாதம்" என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

"லொள்ளு பண்ணாதீங்க மச்சான். நூத்தியிருபது பெட்டியை நிறுத்திப் போட்டாங்க. பொங்கலுக்கு துபாய் போய்ச் சேர வேண்டிய சரக்குங்க..." அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மச்சினன் வடவள்ளிப் பக்கம் ஒரு ஷெட் போட்டு, நாலு பெண்களை வேலைக்கு வைத்து, மளிகைச் சாமான் பாக்கெட் போடுகிறவர். பல வருஷமாக உள்ளூர் வியாபாரம்தான். அந்த வருஷம் முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர். துபாயில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் 'பொங்கல் பெட்டி' கேட்டிருந்தார். பெட்டிக்கு ஆறு அயிட்டம்: அச்சு வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, கல்கண்டு, கடலை மிட்டாய், சின்னப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். நகையை அடகு வைத்து (அவர் மனைவிக்குத் தெரிந்து, அக்காவுக்குத் தெரியாமல்) சரக்கு வாங்கி, கன்டெய்னரில் பங்கு இடம் பிடித்து அனுப்பிவிட்டார்.

பேப்பர் வேலை பார்த்த ஏஜென்ட் ஆபீஸ் பையனுக்கு ஆறு அயிட்டத்துக்கு ஆறு வரி டைப் அடிக்க அலுப்பு. எல்லாவற்றையும் சேர்த்து 'பலவகை கேண்டி' என்று ஒரே வரி. ஒரே நம்பர்: 1704 90 90.

பெட்டியைப் பிரித்த அதிகாரி கல்கண்டுப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, "இது கேண்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"சர்க்கரை இல்லையா?"

"அதுவுந்தானுங்க."

அந்த இரண்டாவது 'ங்க'வில் சரக்கு நின்றுவிட்டது!

"தம்பி பாவம். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி. சுங்க இலாகா பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா டேப் ரெக்கார்டருக்கு வரி கட்டிவிட்டு நாலு நாள் திட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான். "பத்திரிகைல எல்லாம் எழுதறீங்கல்ல, போங்க" என்று அனுப்பி வைத்தாள். அன்று ராத்திரியே சேரன் எக்ஸ்பிரஸ்.

*

கோவை ஜங்ஷனில் இறங்கியபோது மார்கழி பிறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் கோயமுத்தூர்க் குளிருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. மச்சினன் வர நேரமாகும் என்றதால் ஒரு ஆட்டோக்காரரைப் பிடித்து, "சுங்க இலாகா ஆபீஸ் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"சுங்கமுங்களா? உக்காருங்க" என்று நேராகக் கொண்டுபோய் சுங்கம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். திருச்சி ரோட்டில் அப்படியே ஒரு இடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்குள் நுழையும் வண்டிகளிடம் சுங்கம் வசூல் செய்த இடமாம். இன்றைக்கு அங்கே வசூல் ஆவது பஸ் டிக்கெட் மட்டும். "இது இல்லப்பா" என்றேன். "சுங்கம்னு கேட்டீங்க, சுங்கத்துல எறக்கியுட்டேனுங்க" என்றார், முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லாமல். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எங்கே போய் இறங்குவோம் என்பதற்கு இதுவே முதல் பாடம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மச்சினன் வந்து சேர்ந்ததும் இருவரும் ரங்கே கவுடர் வீதிக்குப் போனோம். கோவையின் மளிகை மொத்த வியாபாரத் தெரு. மிளகாய் நெடி, மஞ்சள் தூசு, மூட்டை சுமப்பவர்களின் "ஓரம், ஓரம்!" இவற்றுக்கு நடுவில் நிதானமாக நடக்கத் தெரிந்தவர் எங்கும் பிழைத்துக்கொள்வார். கல்கண்டு வாங்கிய கடையில் பில் நகல் கேட்டோம்.

கடைக்காரர் அதைத் தேடுகிற நேரத்தில் நான் வேடிக்கை பார்த்தேன். ஒரு அம்மா வந்து, "சக்கரை ரெண்டு கிலோ" என்றார். பையன் பழுப்பு நிற நாட்டுச் சர்க்கரையை நிறுத்துப் போட்டான். அடுத்து வந்தவர், "அஸ்கா ஒரு கிலோ." வெள்ளைச் சர்க்கரை வந்தது. இங்கே சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரைதான். மில் சர்க்கரைக்கு 'அஸ்கா' என்று தனிப் பெயர். அஸ்கா என்பது ஒடிசாவில், கஞ்சம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அந்தப் பகுதி ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தோடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. ஊர்ப் பெயர் மூட்டையோடு ஒட்டிக்கொண்டு கொங்கு நாட்டுச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. தெற்கே போனால் அதுவே 'சீனி'. அதில் ஒட்டியிருப்பது சீன தேசம்!

வெல்லத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த 'ஜாகரி' என்ற பெயர்கூட மலையாளத்துச் 'சக்கரை'யைப் போர்த்துக்கீசியர் நாக்கால் உருட்டியதில் வந்ததுதான். 'கேண்டி' இன்னும் சுவாரசியம். சம்ஸ்கிருதத்தில் 'கண்ட' என்றால் துண்டு, கட்டிச் சர்க்கரை. அது பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'கேண்டி' ஆயிற்று. மூலம் திராவிடமாகவே இருக்கலாம் என்று சொல்கிற அகராதிகளும் உண்டு. நம் கல்கண்டின் வால் பகுதிதான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நம் ஊர் இங்கிலீஷில் கல்கண்டுக்குப் பெயரே 'ஷுகர் கேண்டி'.

ஆக, ஏஜென்ட் ஆபீஸ் பையன் கல்கண்டைக் 'கேண்டி' என்று அடித்தது அகராதிப்படி ரொம்பச் சரி. அங்கேதான் வினை. கப்பல் அகராதியைப் பார்த்துக் கிளம்புவதில்லை.

*

சாயங்காலம் பீளமேட்டில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். ஏற்றுமதி இறக்குமதி பேப்பர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மேஜை மேல் தலையணை சைஸில் ஒரு புத்தகம். மச்சினன் கொண்டுபோன ஆறு பாக்கெட்டையும் பிரித்து, ஆறு சின்னத் தட்டுகளில் கொட்டி வரிசையாக வைத்தார். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. உலகத்துல விக்கிற எல்லாச் சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற உலக சுங்க அமைப்பு தயார் பண்ணின பட்டியல். 1988 ஜனவரியில உலக அளவுல அமலுக்கு வந்துச்சு. நம்ம சுங்க அட்டவணைய 1986லயே அதுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டோம். எரநூறு நாட்டுக்கு மேல இதைத்தான் வெச்சுப் பேசுது. முதல் ஆறு இலக்கம் எல்லாருக்கும் பொது. மேலே ரெண்டு இலக்கம் நம்ம சேத்துக்கிட்டது."

மொத்தம் 97 அத்தியாயம். அதில் 77-ஐக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் வைத்துக்கொள்ள! (ரயிலில் எமர்ஜென்ஸி கோட்டா மாதிரி.) சர்க்கரை, மிட்டாய் சமாசாரம் எல்லாம் 17-ஆம் அத்தியாயம்.

பெரியவர் முதல் இரண்டு தட்டைத் தள்ளி வைத்தார். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும். "கரும்பு, பீட்ரூட் வகைக் கிழங்கு, இந்த ரெண்டுலருந்து வர்ற திடமான சர்க்கரைதான் 1701. உங்க வெல்லம் 1701 13 10. அதுக்குன்னு தனி இலக்கமே இருக்கு."

மூன்றாவது தட்டு, கருப்பட்டி. "இது பனை. பனைக்கு 1701 வீட்டுக்குள்ள எடமில்லை. 1702 90 10. பனஞ்சர்க்கரைன்னே போட்டிருக்கு."

ஆரஞ்சு மிட்டாய்த் தட்டைத் தொட்டார். "இதுதான் அசல் மிட்டாய். பாகு காய்ச்சி, கலர் போட்டு, அச்சுல வார்த்து, அப்படியே வாயில போட்டுக்கிறது. 1704 90 20."

ஆறு அயிட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் சந்தேகமில்லாத கேண்டி! மச்சினன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கடலை மிட்டாய்ங்க?"

"அங்கதான் வக்கீலுக்கு வேலை. மிட்டாய்ல கடலை இருக்குதா, கடலைல மிட்டாய் இருக்குதா? பாகு தூக்கலா இருந்தா 1704. கடலை தூக்கலா இருந்தா, பக்குவப்படுத்தின கடலைன்னு 2008க்குப் போகலாம். எதுல அதோட உயிர் இருக்குதுன்னு பாக்கணும். ஒண்ணுமே முடிவு பண்ண முடியலைன்னா, அதுக்கும் ஒரு விதி வெச்சிருக்கான். ரெண்டு நம்பருல எது கடைசியா வருதோ அது!"

அரசாங்கம் இவ்வளவு நேர்மையாகக் கையை விரித்து நான் பார்த்ததில்லை.

பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மிட்டாயில் கோகோ சேர்த்தால் அது 17-ஆம் அத்தியாயத்தை விட்டு 1806-க்குக் குடிபோய்விடுமாம். ஆனால் வெள்ளைச் சாக்லெட் மட்டும் 1704. அதில் கோகோ வெண்ணெய்தான் இருக்கிறது, கோகோ இல்லை என்று கணக்கு. சர்க்கரை நோயாளிக்கென்று சர்க்கரையே இல்லாமல் செய்த மிட்டாய் 2106-க்குப் போகும். இனிப்பு என்பது நாக்கின் கட்சி. அட்டவணைக்கு வேறு கட்சி.

அம்மா காபியும் மைசூர்பாவும் கொண்டுவந்தார். "இதுக்கு என்ன நம்பர்?" என்றேன், மைசூர்பாவைக் காட்டி.

"2106 90 99. நம்ம ஊர் ஸ்வீட் எல்லாம் அதுலதான். மிக்ஸரும் அதே நம்பர்."

கோயமுத்தூர் மைசூர்பாவையும் மிக்ஸரையும் ஒரே நம்பரில் அடைத்தவர் இந்த ஊருக்கு வந்தால் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

கடைசியாக மிச்சமிருந்தது அந்தத் தட்டு. கல்கண்டு. பெரியவர் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன? சர்க்கரைப் பாகை மெதுவா ஆற விட்டு, பெரிய பெரிய பளிங்கா வளர்த்தது. இதுல வேற ஒண்ணும் இல்லை. மிட்டாய்னா ஏதாவது ஒரு தயாரிப்பு இருக்கணும். இது சுத்த சர்க்கரை, உருவம் மட்டும் பெரிசு. 1701ல உக்காந்துக்கும். கலரோ மணமோ சேத்திருந்தா 1701 91. ஒண்ணும் சேக்கலைன்னா 1701 99. தம்பி, நீங்க கல்கண்டை மிட்டாய்னு எழுதினது, பெரிய உப்பை ஊறுகாய்னு எழுதின மாதிரி."

"நம்பர் மாறினா மாறிட்டுப் போகுதுங்க. வரியா கட்டப் போறோம்? நாம வெளியதானுங்க அனுப்பறோம்?" என்றார் மச்சினன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் இல்லை" என்றார்.

2021-22 சீசனில் இந்தியாவிலிருந்து சுமார் 110 லட்சம் டன் சர்க்கரை வெளியே போயிற்று. அதுவரை இல்லாத அளவு. உள்ளூரில் விலை ஏறிவிடக் கூடாதே என்று 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசு சர்க்கரை ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டில் வைத்தது. அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. 2023 அக்டோபரில் அதையே மறு உத்தரவு வரும் வரை என்று நீட்டித்தார்கள். கட்டுப்பாட்டில் குறிப்பிட்ட நம்பர்களில் ஒன்று 1701 99 90. கல்கண்டு போய் விழக்கூடிய அதே குழி.

மிட்டாய் தாராளமாகப் போகலாம். வெல்லம் போகலாம். சர்க்கரை போகக் கூடாது. சர்க்கரைக்கு மிட்டாய் வேஷம் போட்டு அனுப்பினால் அதிகாரி என்ன நினைப்பார்? 110 லட்சம் டன்னுக்காகப் போட்ட பூட்டில், மச்சினனின் அறுபது கிலோ கல்கண்டு மாட்டிக்கொண்டது. பெட்டிக்கு அரை கிலோ வீதம் நூற்றியிருபது பெட்டி.

*

மறுநாள் காலை வடவள்ளி ஷெட்டிலிருந்து கிளம்பினோம். வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வீரகேரளம் பக்கம், கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் வயல்கள். "தினமும் இந்த வழியாத்தானுங்க போறேன். உள்ள என்ன பண்றாங்கன்னு தெரியாதுங்க" என்றார் மச்சினன். கோவைக்காரர்களில் பாதிப்பேர் கதை அதுதான்.

1912-ல் ஆரம்பித்த நிறுவனம். பார்பர் என்ற வெள்ளைக்காரரும், டி.எஸ். வெங்கட்ராமனும் இங்கே செய்த காரியம் லேசுப்பட்டதில்லை. நல்ல தடியான 'வெள்ளை'க் கரும்பையும், கோவைப் பக்கம் காடாக முளைத்துக் கிடந்த நாணல் வகைக் கரும்பையும் கலந்து ஒரு புது ரகம் கொண்டுவந்தார்கள். 1918-ல் வெளியான அதன் பெயர் கோ 205. 'கோ' என்றால் கோயமுத்தூர். வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கி வளர்ந்தது அது. இன்றைக்கும் நாட்டின் எந்த மூலையில் கரும்பு ரகத்தின் பெயரில் 'கோ' என்று பார்த்தாலும் அது நம்ம ஊர் இனிஷியல்தான்.

அந்தக் கரும்புக்குக் கைகொடுத்ததும் ஒரு சுங்க வரிதான். 1930-களின் தொடக்கத்தில் ஜாவா சர்க்கரை இங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. 1932-ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து இறக்குமதிக்கு வரிச்சுவர் எழுப்பினார்கள். அப்போது முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் ஐந்தாறு வருஷத்தில் நூற்றைத் தாண்டின. வரியும் கோயமுத்தூர்க் கரும்பும் சேர்ந்து, சர்க்கரை வாங்கித் தின்ற தேசத்தைச் சர்க்கரை காய்ச்சும் தேசமாக ஆக்கின. நம்பரும் வரியும் குமாஸ்தா சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, அந்த வேலி ஓரம் நின்றபோது கொஞ்சம் மரியாதை வந்தது.

அங்கிருந்து நேராகச் சரக்கு நின்ற இடத்துக்குப் போனோம். அதிகாரி சின்ன வயசுக்காரர். சினிமாவில் வருகிற மாதிரி விறைப்பாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பேர் எனக்கு முக்கியமில்லை சார். எதுல செஞ்சது, என்ன கலந்தது, எப்படிச் சாப்பிடறது... இதை எழுதிக் குடுங்க. நம்பரை நீங்கதான் போடணும், சரியா இருக்கான்னு நாங்க பாக்கணும். சட்டம் அப்படித்தான் இருக்கு. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் எங்கே வாங்கினதுன்னு பில் கொண்டுவாங்க. தனித்தனியா எழுதித் தாங்க, விட்டுடறேன். கல்கண்டு மட்டும் எனக்கு மேல."

"அறுபது கிலோதானுங்களே" என்றார் மச்சினன்.

"ஒரு கிலோவா இருந்தாலும் நம்பர் அதேதானே சார்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மச்சினன் கேட்டதிலும் தப்பில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் ஒரு சின்ன வியாபாரியின் பணம் போய்க்கொண்டிருந்தது.

*

பில் வாங்க சனிக்கிழமை கவுந்தப்பாடி. அவிநாசி, பெருந்துறை, பவானி என்று சுற்றிக்கொண்டு போனோம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் போகிற பக்கமெல்லாம் மஞ்சள், வாழை, கரும்பு. ஒரு ஆலைக்கொட்டாய் கண்ணில் பட்டதும் மச்சினன் காரை ஓரம் கட்டினார்.

உள்ளே போனதும் புகையும் இனிப்பும் சேர்ந்த ஒரு வாசனை, சட்டையில் மூன்று நாளைக்கு நிற்கிற ரகம். பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கிறது. அடுப்புக்கு விறகு, சாறு போன அதே கரும்பின் காய்ந்த சக்கை. ஒருவர் அழுக்கை வழித்து எடுத்துக்கொண்டே இருக்கிறார். பதம் வந்ததும் கொப்பரையைத் தூக்கி மரத்தொட்டியில் ஊற்றுகிறார்கள். அச்சில் வார்த்தால் வெல்லம். துடுப்பால் கிளறி, தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. கை பொறுக்காத சூட்டில் ஒரு உருண்டை எடுத்துக் கொடுத்தார் ஒரு பெரியம்மா. "சாப்புடு கண்ணு. நாளைக்கு இந்த ருசி இருக்காது."

முந்தாநாள் பெரியவர் படித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. 1701 13-க்கு என்று உலகம் முழுவதும் பொதுவாக ஒரு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். கரும்பிலிருந்து, சுழல் யந்திரத்தில் போட்டுச் சுற்றாமல் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத, ஒழுங்கற்ற நுண்ணிய பளிங்குகள். அவற்றைச் சுற்றிலும் கரும்புப் பாகின் மிச்சம். பொலாரிமீட்டர் என்ற ஒளிக்கருவியில் பார்த்தால் 69-க்குக் குறையாமலும் 93-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். 2012 திருத்தத்தில் வந்தது இந்தத் தனி எண். கொலம்பியாவில் 'பனேலா' என்று நம் வெல்லத்துக்கு ஒரு உடன்பிறப்பு இருக்கிறது, அதற்கும் இதே இலக்கணம்தான். கவுந்தப்பாடிக் கொப்பரையைப் பார்க்காமலே யாரோ அதை அச்சு அசலாக எழுதியிருக்கிறார்கள்!

அந்த 93 சும்மா இல்லை. வெல்லம் பளிச்சென்று இருக்கட்டும், எடையும் கூடட்டும் என்று அஸ்காவைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த புகார். கலக்கக் கலக்க அந்தக் கருவியில் எண் ஏறும். கூடிப்போனால் 1701 13 என்ற வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதுதான். நாக்கை ஏமாற்றலாம். கருவியை ஏமாற்ற முடியாது.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அறுபது கிலோ மூட்டைகள் வரிசை வரிசையாக. வியாபாரிகள் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்து, வாயில் போட்டு விலை சொல்கிறார்கள். இவர்கள் கையே ஒரு பொலாரிமீட்டர்தான். இங்கே பழனி தேவஸ்தானமும் பெரிய வாடிக்கையாளர். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கல்கண்டு எல்லாம் சேர்ந்துதான் பஞ்சாமிர்தம். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்கண்டு அங்கேயும் இருக்கிறது பாருங்கள். முருகனிடம் யாரும் நம்பர் கேட்கவில்லை.

மச்சினன் வாங்கிய இடத்தில் பில் கிடைத்தது. கொடுத்த பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங் தம்பி, மூட்டையில வித்தா வரி இல்லை, பொட்டலம் கட்டிச் சீட்டு ஒட்டினா 5 பர்சென்ட்டுங்கறாங்க. உள்ள இருக்கிறது அதே வெல்லந்தானுங்களே?" 2022 ஜூலை 18 முதல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தைச் சொல்கிறார். அங்கே வெல்லம் என்ன என்பதே கேள்வியில்லை, சட்டை போட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வெல்லம் சுவைத்துக்கொண்டிருந்ததால் பேசாமலிருக்க வசதியாக இருந்தது.

*

திங்கட்கிழமை ஆறு அயிட்டத்துக்கும் ஆறு வரி எழுதினோம். மச்சினன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எதில் செய்தது, என்ன கலந்தது, எப்படிச் சாப்பிடுவது. கடலை மிட்டாயில் பாகு எவ்வளவு, கடலை எவ்வளவு என்பதற்குச் செய்து கொடுத்தவரையே கூப்பிட்டுக் கேட்டோம். "பத்து வருஷமா விக்கிறேன் மச்சான். இதுல என்ன இருக்குதுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுதுங்க" என்றார்.

கல்கண்டுக்கு என்ன செய்வது? இது அந்தச் சர்க்கரை இல்லை என்று வாதாடலாம். சரக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே, 'இதற்கு என்ன நம்பர், நீங்களே சொல்லுங்கள்' என்று முன்கூட்டித் தீர்ப்புக் கேட்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2021 முதல் டெல்லியிலும் மும்பையிலும் அதற்கென்றே அமைப்பு நடக்கிறது. ஆனால் பெட்டி கட்டிய பிறகு போய்க் கேட்டால், கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்க்கிற கதை. பொங்கல் யாருக்காகவும் நிற்காது.

"எடுத்துருங்க" என்றார் மச்சினன்.

நூற்றியிருபது பெட்டியையும் பிரித்து, கல்கண்டுப் பாக்கெட்டை எடுத்துவிட்டு, மறுபடி டேப் ஒட்டினோம். ஷெட்டிலிருந்து அந்த நாலு பெண்களும் வந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒட்டிய டேப்பைக் கிழிக்கிற சத்தம் மட்டும். அவர்கள் கை பாக்கெட் போட்டுப் பழகிய கை; பிரிக்கும்போது தயங்கியது.

அதற்குள் பிடித்து வைத்த கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் போன சரக்கு துபாய் சேர்ந்தது 2024 ஜனவரி 20. தைப்பொங்கல் 15-ஆம் தேதி. அங்கே எல்லாரும் கிடைத்த சர்க்கரையை வைத்துப் பொங்கி முடித்துவிட்டார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அடகு நகை மீட்க ஆடி மாதம் ஆயிற்று. (அக்காவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அது தனிக் கட்டுரை.)

அடுத்த பொங்கலுக்கும் மச்சினன் பெட்டி அனுப்பினார். ஐந்து அயிட்டம், ஐந்து வரி, ஐந்து நம்பர். நம்பரை அவரே எழுதினார். ஏஜென்ட் ஆபீஸ் பையன் டைப் மட்டும் அடித்தான். டிசம்பர் முதல் வாரமே கப்பல் ஏறிவிட்டது. இப்போது ஊரில் யார் ஏற்றுமதி என்று பேச்சை எடுத்தாலும் மச்சினன் அவரைப் பிடித்து உட்கார வைத்து, "பேரைச் சொல்லாதீங்க. எதுல செஞ்சது, என்ன கலந்தது, எப்புடித் திங்கறது, அதைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறார்களாம்.

அந்த அறுபது கிலோ? அரை கிலோ பாக்கெட்டாக நூற்றியிருபது. 2024-ல் எங்கள் இரு வீட்டிலும் காதுகுத்து, சீர், நிச்சயதார்த்தம், வளைகாப்பு எதுவானாலும் தாம்பூலப் பையில் ஒரு பாக்கெட் கல்கண்டு. கடைசிப் பாக்கெட் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. சின்னவன் ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே கேட்டான்:

"அப்பா, இது மிட்டாய்தானே?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மச்சினன் பக்கத்தில் இல்லை.

"ஆமாண்டா" என்றேன்.